தீவகத்தின் சுவிச் யாருடைய கையில்? டிஜிட்டல் உட்கட்டமைப்பும் வல்லரசுகளின் இராணுவப் போட்டியும்

2021 டிசெம்பர் 1 ஆம் திகதி கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் தனது ருவிற்றர் பக்கத்தில் ஒரு சிறிய அறிவித்தலை வெளியிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சீன நிறுவனமொன்று அமைக்கவிருந்த கலப்பு மின்திட்டம், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாக இடைநிறுத்தப்படுகிறது என்பதே அதன் சாரம். அந்த மூன்றாம் தரப்பு எது என்று கேட்கவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. நெடுந்தீவிலிருந்து இராமேஸ்வரம் 50 கிலோமீற்றருக்குள் இருக்கிறது.

வேலணையில் வசிக்கும் எனக்கு அந்தச் செய்தியில் உறுத்தியது வேறொன்று. குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு அப்பால் உள்ள தீவுகளுக்கு இன்றும் தேசிய மின்வலையமைப்பு போகவில்லை. படகில் ஏற்றிச்செல்லும் டீசலில் ஓடும் மின்பிறப்பாக்கிகளே அந்த மக்களின் மின்சாரம். அதை மாற்றவேண்டிய திட்டம் இரு பெரிய நாடுகளின் இராணுவக் கணக்குக்குள் அகப்பட்டு நின்றுபோனது. மின்சாரத்துக்காகக் காத்திருந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த மூன்று தீவுகளில் தொடங்கினாலும் அவற்றைப் பற்றியது மட்டுமல்ல. கடலடி வடம், செய்மதி, மின்கலத் தொகுதி, தரவு நிலையம், அடையாள அட்டைத் தரவுத்தளம் ஆகியவை எப்படி இராணுவப் போட்டியின் பொருட்களாகின, அந்தப் போட்டி பாக்குநீரிணையின் இக்கரையில் வாழும் எங்களை எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதை, தெரிந்த தகவல்களைக்கொண்டு விளக்குவதே நோக்கம்.

பற்றரியும் ஒரு காலத்தில் ஆயுதமாக இருந்தது

"இரட்டைப் பயன்பாடு" என்ற சொல்லைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இப்போது அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். பொதுமக்களுக்கும் படைகளுக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய பொருள் என்பது அதன் பொருள். எங்களுக்கு இந்தக் கருத்தைப் புத்தகத்தில் படித்து அறியவேண்டிய தேவையில்லை. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, உரம் என்பவற்றோடு சிறிய ரோர்ச் பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. குண்டு செய்ய உதவும் பொருளும் வானொலி கேட்க உதவும் பொருளும் ஒன்றாக இருந்தபடியால் வானொலி கேட்பவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வலிகாமத்தில் இருந்த காலத்தில் நாங்களும் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில்தான் செய்தி கேட்டோம்.

தொலைபேசியின் கதையும் அதுவே. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின் குடாநாட்டின் தொலைபேசி இணைப்புகள் பலமுறை நின்றுபோயின. 2007 யூனில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கைக்குள் பார்க்கமுடியாதவாறு தடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சி ஒளிபரப்பு இன்டெல்சாட் நிறுவனத்தின் செய்மதியினூடாக வெளியாவதாக இலங்கை அரசு முறையிட, அது தமது அனுமதியின்றி நடப்பதாகக் கூறிய நிறுவனம் அதை நிறுத்த நடவடிக்கை எடுத்தது. யுத்தம் முடிந்த பின்னரும் 2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தின்போதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

இவற்றிலிருந்து பெறக்கூடிய பாடம் எளிமையானது. தொடர்பாடல் வசதி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறதோ, நெருக்கடி வரும்போது அதை நிறுத்துவதா விடுவதா என்பதை அவரே தீர்மானிப்பார். அன்று அந்தத் தீர்மானத்தை எடுத்தது கொழும்பு. இனிவரும் காலத்தில் அது புதுடில்லியிலோ, பெய்ஜிங்கிலோ, அமெரிக்க நிறுவனமொன்றின் தலைமையகத்திலோ எடுக்கப்படலாம். மாற்றம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று தீவுகளில் நடந்தது என்ன?

ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடனான மின்விநியோக மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாக, மூன்று தீவுகளிலும் காற்றாலை, சூரியகலங்கள், மின்கலச் சேமிப்பு, டீசல் மின்பிறப்பாக்கி ஆகியவற்றை இணைத்த கலப்பு மின்நிலையங்களை அமைக்க விலைமனு கோரப்பட்டது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அதை சினோசோர்–இடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கியது. சுமார் 12 மில்லியன் டொலர் பெறுமதியான வேலை. நாடுகளின் கணக்கில் இது சில்லறைக் காசு.

இந்தியா உடனடியாக எதிர்ப்புத் தெரிவித்தது. அதே திட்டத்தைத் தனது நன்கொடையிலேயே செய்துதருவதாகவும் கூறியது. ஆண்டு முடிவதற்குள் சீன நிறுவனம் வெளியேறியது. அது வெளியேறிய அதே நாட்களில் மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின்நிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் செய்திருப்பதையும் சீனத் தூதரகம் அறிவித்தது. டிசெம்பர் நடுப்பகுதியில் சீனத் தூதுவர் சீ சென்ஹொங் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பருத்தித்துறைக் கடற்கரைக்கும் மன்னாரிலிருந்து இராமர் பாலப் பகுதிக்கும் சென்று திரும்பினார்.

2022 மார்ச்சில் இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது இத்திட்டம் இந்தியாவுக்கு வழங்கப்பட்டு புரிந்துணர்வு உடன்படிக்கை ஒப்பமானது. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 1 ஆம் திகதி, பெங்களூரைத் தளமாகக் கொண்ட யூ சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய நன்கொடை 11 மில்லியன் டொலர். மூன்று தீவுகளுக்குமாக 530 கிலோவாற் காற்றாலை, 1,700 கிலோவாற் சூரியகலங்கள், 2,400 கிலோவாற் மணிநேர மின்கலச் சேமிப்பு, 2,500 கிலோவாற் துணை டீசல் மின்பிறப்பாக்கிகள். அமைச்சரவை முதன்முதலில் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து இந்த ஒப்பந்தம் வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடும் வந்துபோனது.

ஒரு சிறிய மின்நிலையம் எப்படிப் பாதுகாப்பு அச்சுறுத்தலாகும் என்று பலர் கேட்டார்கள். பதில் அந்த மின்நிலையத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. பழைய டீசல் மின்பிறப்பாக்கிக்கு ஒரு இயக்குநரும் ஒரு சாவியும் போதும். கலப்பு மின்நிலையம் அப்படியல்ல. காற்று குறையும்போது மின்கலத்தையும், மின்கலம் இறங்கும்போது டீசலையும் தானாக மாற்றிக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கணினி அதன் மையத்தில் இருக்கிறது. சூரியகலத்தின் நேர் மின்னோட்டத்தை வீட்டுக்குரிய மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர்கள் மென்பொருளில் இயங்குகின்றன. பராமரிப்புக்காக அவை இணையத்தோடு தொடுக்கப்பட்டு தொலைவிலிருந்து கண்காணிக்கப்படுகின்றன. கட்டியவரின் கையில் மென்பொருளின் திறப்பு தொடர்ந்து இருக்கும். அவரது பொறியியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வந்துபோவார்கள்.

இது வெறும் ஊகமும் அல்ல. 2022 பெப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னர், வயாசாற் என்ற செய்மதி இணைய வலையமைப்பு தாக்கப்பட்டது. உக்ரைன் படைகளின் தொடர்பைக் குழப்புவதே குறி. ஆனால் ஐரோப்பா முழுவதும் பல்லாயிரம் மோடம்கள் செயலிழந்தன. ஜேர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் அறுந்தது. 2025 மே மாதம், அமெரிக்காவில் சில சீன இன்வேர்ட்டர்களுக்குள் ஆவணங்களில் குறிப்பிடப்படாத தொடர்பாடல் கருவிகள் காணப்பட்டதாக ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஆகவே இந்தியாவின் அச்சத்துக்கு ஒரு அடிப்படை உண்டு. ஆனால் அதே அடிப்படை இந்தியா கட்டும் மின்நிலையத்துக்கும் பொருந்தும். சீனத் திறப்பு ஆபத்தானது, இந்தியத் திறப்பு ஆபத்தற்றது என்று நெடுந்தீவில் இருப்பவர் எதைக்கொண்டு நம்புவது? அவரது கையில் திறப்பு எதுவுமே இல்லை என்பதே நிலைமை.

கடலுக்கு அடியில்

இணையம் என்றதும் பலருக்கு வானத்தில் உள்ள செய்மதிதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் கண்டங்களுக்கிடையிலான தரவில் 95 வீதத்துக்கும் அதிகமானது கடலடி வடங்களினூடாகவே செல்கிறது. ரொறன்ரோவில் உள்ள மகளின் முகம் புங்குடுதீவில் உள்ள தாயின் கைத்தொலைபேசியில் தெரிவது, கண்ணாடி இழைகள் கொண்ட ஒரு வடத்தினூடாக ஒளி வந்து சேர்வதால்தான். ஆழ்கடலில் அந்த வடம் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயின் பருமன்கூட இருக்காது.

இலங்கைக்கு வரும் சர்வதேச வடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கத்துக் கரைகளிலேயே ஏறுகின்றன. 2006 இல் தூத்துக்குடியிலிருந்து போடப்பட்ட பாரத் லங்கா வடமும் வடக்கைத் தாண்டிக் கல்கிசைக்கே சென்றது. வடக்கில் இருப்பவர் சென்னையோடு பேசினாலும் அவரது தரவு முதலில் தெற்கே இறங்கவேண்டும். 2004 ஓகஸ்டில் கொழும்புக் கரையருகே ஒரு கப்பலின் நங்கூரம் வடமொன்றை அறுத்தபோது நாடு முழுவதும் வெளியுலகத் தொடர்பை இழந்தது. இன்று வடங்கள் அதிகம். ஆனால் ஏறும் இடங்கள் இன்னும் ஒரு பக்கத்திலேயே குவிந்திருக்கின்றன.

இந்த வடங்களை யார் செய்கிறார்கள் என்பதே இப்போது போட்டி. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை செல்லும் 19,200 கிலோமீற்றர் நீளமான சீ–மீ–வீ 6 வடத்தில் ஸ்ரீலங்கா ரெலிகொம் பங்காளி. அதைப் போடும் ஒப்பந்தம் சீனாவின் எச்.எம்.என். ரெக் நிறுவனத்துக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தது. அமெரிக்க அரசு தலையிட்டு, பங்காளி நிறுவனங்களுக்கு எச்சரிக்கைகளோடு பயிற்சி மானியங்களையும் வழங்கி, ஒப்பந்தம் அமெரிக்காவின் சப்கொம் நிறுவனத்துக்குப் போகச்செய்ததை ரொய்ட்டர்ஸ் 2023 மார்ச்சில் விரிவாக வெளியிட்டது. மானியம் பெற முன்வைக்கப்பட்ட ஐந்து நாடுகளின் நிறுவனங்களுள் இலங்கையினதும் ஒன்று. சீனாவின் இரண்டு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அந்தக் கூட்டிலிருந்து விலகின. மூன்று தீவுகளில் நடந்ததுதான் இங்கும் நடந்தது. கடல் பெரியது, தொகை பெரியது, தர்க்கம் ஒன்றே.

வடத்தை அறுப்பது இப்போது போர்முறையாகவும் சந்தேகிக்கப்படுகிறது. 2024 பெப்ரவரியில் செங்கடலில் ஹூதிகளின் ஏவுகணை தாக்கிய ரூபிமார் கப்பல் நங்கூரத்தை இழுத்தபடி மிதந்தபோது மூன்று வடங்கள் அறுந்தன. அதே ஆண்டு நவம்பரில் பால்டிக் கடலில் இரண்டு வடங்கள் அடுத்தடுத்து அறுந்தன. 2025 செப்டெம்பரில் ஜெத்தாவுக்கு அருகே அறுந்த வடங்களுள் ஒன்று, இலங்கையும் இணைந்துள்ள சீ–மீ–வீ 4. யார் அறுத்தார் என்பதை நிரூபிப்பது கடினம் என்பதே இந்த முறையின் வசதி. நங்கூரம் தவறுதலாகவும் விழலாம்.

தீவுகளில் வாழும் நாம் கூர்ந்து பார்க்கவேண்டிய உதாரணம் தாய்வானுக்குரிய மாட்சு தீவுகள். அவை சீனக் கரைக்கு மிக அருகில் இருக்கின்றன. 2023 பெப்ரவரியின் முதல் பத்து நாட்களுக்குள் அங்கு செல்லும் இரண்டு வடங்களும் அறுந்தன. ஒன்றை ஒரு சீன மீன்பிடிக் கப்பலும் மற்றதை ஒரு சரக்குக் கப்பலும் அறுத்ததாகத் தாய்வான் அதிகாரிகள் கூறினர். திருத்தும் கப்பல் கிடைத்து வேலை முடிய ஏறத்தாழ ஐம்பது நாட்கள் சென்றன. ஒரு குறுஞ்செய்தி போய்ச்சேரப் பல நிமிடங்கள். விடுதிகள் முன்பதிவு எடுக்கமுடியாமல் திண்டாடின. மக்களைத் தாங்கியது கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு அனுப்பப்படும் நுண்ணலைத் தொடர்பு ஒன்று மட்டுமே. அந்தப் பாடத்தின் பின்னர் தாய்வான் அந்த நுண்ணலைத் தொடர்பின் கொள்ளளவைப் பெருக்கியது.

வானத்தில்

வடம் அறுந்தால் செய்மதி இருக்கிறது என்று சொல்லப்படுகிறது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2024 ஓகஸ்டில் இலங்கையில் உரிமம் வழங்கப்பட்டு, 2025 யூலையில் சேவை தொடங்கியது. படகுப் பயணமே தடைப்படும் காற்றுக்காலத்தில் நெடுந்தீவு வைத்தியசாலைக்கு இப்படியான இணைப்பு பெரும் உதவியாகலாம். அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை.

ஆனால் உக்ரைனின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். போரின் முதல் ஆண்டில் உக்ரைன் படைகளின் தொடர்பு பெரும்பாலும் ஸ்டார்லிங்கில் தங்கியிருந்தது. கிரைமியாவின் செவஸ்தபோல் பக்கம் இணைப்பைத் திறக்குமாறு வந்த கோரிக்கையைத் தான் ஏற்கவில்லை என்று எலோன் மஸ்க் 2023 செப்டெம்பரில் வெளிப்படையாகவே கூறினார். ஒரு நாட்டின் படை எதுவரை போகலாம் என்பதை ஒரு தனிமனிதர் தீர்மானிக்கக்கூடிய காலம் இது. 2007 இல் ஒரு செய்மதி நிறுவனம் ஒளிபரப்பை நிறுத்தியதைப் பார்த்த நமக்கு இது புதிய காட்சியல்ல. அளவுதான் பெரிதாகியிருக்கிறது.

பாக்குநீரிணையைச் சுற்றி

நமது கடலைச் சுற்றி ஏற்கனவே அமைந்துவிட்டவற்றை ஓரிடத்தில் தொகுத்துப் பார்ப்பது பயன்தரும்.

2022 ஓகஸ்டில் செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரக்கூடிய சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் இந்தியாவின் எதிர்ப்பையும் மீறி அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் ஷி யான் 6 ஆய்வுக்கப்பல் கொழும்புக்கு வந்தது. இதன் தொடர்ச்சியாக 2024 ஆம் ஆண்டு முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக்கப்பல்களை அனுமதிப்பதில்லை என்று இலங்கை அறிவித்தது. கடலடியை அளக்கும் கப்பல் மீன்வளத்தையும் அளக்கலாம், நீர்மூழ்கி செல்லும் பாதையையும் அளக்கலாம். இதுவும் இரட்டைப் பயன்பாடே.

மறுபக்கத்தில், இந்தியாவின் 6 மில்லியன் டொலர் நன்கொடையில் கொழும்பில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் அமைக்கப்பட்டு 2024 யூனில் திறக்கப்பட்டது. அதன் ஆளற்ற கருவி நிலையங்கள் அமையும் இடங்களுள் பருத்தித்துறையும் முள்ளிக்குளமும் திருகோணமலையும் அடங்கும். ஆபத்தில் சிக்கும் படகுகளைக் காப்பாற்றுவதே அதன் பணி. எமது கடற்தொழிலாளருக்கு அது தேவையானதே. அதே வேளை, கடலில் நகரும் எல்லாவற்றையும் காணும் கண்ணாகவும் அது இருக்கும். எதிர்க்கரையில் இராமநாதபுரம் உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் ஆளில்லா விமானங்களோடு இயங்குகிறது.

2025 ஏப்ரல் 5 அன்று பிரதமர் மோடியின் கொழும்பு வருகையின்போது பாதுகாப்பு ஒத்துழைப்பு, இரு நாடுகளின் மின்வலையமைப்புகளை இணைத்தல், மக்கள் தொகை அளவிலான டிஜிட்டல் தீர்வுகளைப் பகிர்தல் ஆகியவற்றுக்கான உடன்படிக்கைகள் ஒரே நாளில் ஒப்பமாகின. ஒரே மேசையில் பாதுகாப்பும் மின்சாரமும் தரவும் வைக்கப்பட்டன. வருங்காலப் போட்டி எந்த வடிவில் இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் கதையும் இதற்குள் வருகிறது. அதில் திறைசேரிக்கு 49.5 வீதமும், மலேசியாவின் மக்சிஸ் சார்ந்த நிறுவனமொன்றுக்கு 44.98 வீதமும் உண்டு. அரசின் பங்கை விற்க முற்பட்டபோது சரத் வீரசேகர தலைமையிலான நாடாளுமன்றத் தேசிய பாதுகாப்பு மேற்பார்வைக் குழு 2023 யூனில் அதை எதிர்த்து அறிக்கை கொடுத்தது. 2024 ஜனவரியில் விருப்பம் தெரிவித்தோருள் இந்தியாவின் ஜியோவும் ஒரு சீன நிறுவனமும் இருந்தன. பின்னர் வந்த அரசு விற்பனையைக் கைவிட்டது. தேசிய பாதுகாப்பு என்ற சொல் அங்கே அரசின் பாதுகாப்பைக் குறித்தது. தொலைபேசி துண்டிக்கப்பட்ட மக்களின் பாதுகாப்பு அந்தச் சொல்லுக்குள் இதுவரை வந்ததில்லை.

பட்டியல்கள் கொல்லும்

வடமும் மின்நிலையமும் கண்ணுக்குத் தெரிபவை. மிகவும் கூர்மையான பகுதி கண்ணுக்குத் தெரியாத தரவு.

1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. தேர்தலுக்காகத் தொகுக்கப்பட்ட காகிதம் அது. யுத்த காலத்தில் வடக்கிலும் கொழும்பிலும் குடும்ப விபரங்களைப் படையினரும் பொலிஸாரும் வீடுவீடாகப் பதிந்ததை மறந்தவர் இல்லை. பட்டியல் என்பது தொகுத்தவரின் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. யாருடைய கைக்குப் போகிறதோ அவருடைய நோக்கத்தைப் பெறுகிறது.

இப்போது இலங்கை தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்தை இந்திய நன்கொடையுடன் நிறைவேற்றுகிறது. 2023 ஓகஸ்டில் முற்பணமாக 45 கோடி இந்திய ரூபா வழங்கப்பட்டது. முகம், கைரேகை, கருவிழி ஆகியவை இதில் சேரும். அரச சேவைகள் இலகுவாகும் என்பது உண்மை. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகத் தீவிலிருந்து படகும் பஸ்ஸும் ஏறி ஒரு நாளைத் தொலைப்பவருக்கு அது சிறிய நன்மை அல்ல. ஆனால் அந்தத் தரவைக் காக்கும் திறன் அரசுக்கு இருக்கிறதா? 2023 இல் லங்கா அரச கிளவுட் மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்தின் மின்னஞ்சல்கள் காப்புப் பிரதி இல்லாமல் அழிந்தன. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 கணக்குகள். மின்னஞ்சலை இழந்தால் புதிதாக எழுதலாம். கைரேகை களவுபோனால் வேறு விரல் வாங்கமுடியாது.

போரில் தரவு எப்படிப் பயன்படும் என்பதற்கும் உலகம் உதாரணம் தந்துவிட்டது. பாலஸ்தீன மக்களின் தொலைபேசி உரையாடல்களைப் பெருந்தொகையில் இஸ்ரேலிய உளவுப்பிரிவு 8200 மைக்ரோசொப்ட்டின் ஐரோப்பியத் தரவு நிலையங்களில் சேமித்துவந்ததாக 2025 ஓகஸ்டில் கார்டியன் வெளியிட்டது. அடுத்த மாதம் அந்தப் பிரிவுக்கான சில சேவைகளை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. கேட்கப்பட்டவர்கள் காசாவிலும் மேற்குக்கரையிலும், சேமிப்பு நெதர்லாந்தில், நிறுவனம் அமெரிக்காவில். இனி ஒரு மக்கள்மீது போர் தொடுக்கப்படும்போது அதன் உட்கட்டமைப்பு மூன்று கண்டங்களில் பரந்திருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2009 இல் முள்ளிவாய்க்காலுக்குள் பத்திரிகையாளர்கள் போகமுடியாதபோது, வைத்தியசாலைகளும் மக்கள் நெருங்கியிருந்த இடங்களும் எறிகணைக்கு உள்ளானதற்கு வெளியே கிடைத்த சான்றுகளுள் செய்மதிப் படங்களும் இருந்தன. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 அறிக்கையில் அவற்றைப் பயன்படுத்தியது. எங்களைத் தேடிய வானமே எங்களுக்காகச் சாட்சியும் சொன்னது. ஆகவே தொழில்நுட்பத்தை ஒதுக்குவது வழியல்ல. அது யாருடைய பொறுப்பில், எந்தச் சட்டத்தின் கீழ், யாருக்குப் பதில்சொல்லி இயங்குகிறது என்பதே கேள்வி.

நாம் கேட்கவேண்டியவை

வல்லரசுகளின் போட்டியைத் தீவகத்து மக்கள் நிறுத்தமுடியாது. ஆனால் நமது மண்ணில் வரும் ஒவ்வொரு கருவியைப் பற்றியும் சில தெளிவான கேள்விகளை எழுப்பலாம். பிரதேச சபையிலும், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும், நாடாளுமன்றத்திலும் நமது பிரதிநிதிகள் இவற்றைக் கேட்கவேண்டும்.

முதலாவது, கட்டுப்பாடு. மூன்று தீவுகளின் மின்நிலையங்களை இயக்கும் மென்பொருளின் இறுதி அதிகாரம் யாரிடம்? வெளித்தொடர்பு முற்றாக அறுந்தாலும் அங்கேயே இருக்கும் பணியாளர் கையால் இயக்கமுடியுமா? அந்தப் பயிற்சி நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு இளைஞர்களுக்கு வழங்கப்படுமா? 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருண்டது. தனித்து நிற்கக்கூடிய சிறிய மின்நிலையம் ஒரு பலம். தொலைவிலுள்ளவரின் சுவிச்சில் தங்கியிருந்தால் அந்தப் பலம் இல்லை.

இரண்டாவது, மாற்றுவழி. குறிகாட்டுவானுக்கு அப்பாலுள்ள ஒவ்வொரு தீவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்பு வழி வேண்டும். நுண்ணலையும் செய்மதியும் உயர் அதிர்வெண் வானொலியும் வைத்தியசாலையிலும் இறங்குதுறையிலும் இருக்கவேண்டும். மாட்சுவின் ஐம்பது நாட்கள் நமக்கும் வரலாம்.

மூன்றாவது, வடக்கில் ஒரு கடலடி வடம் ஏறும் நிலையம். இந்தியக் கரை இவ்வளவு அருகில் இருக்கும்போது எல்லாத் தரவும் கொழும்பைச் சுற்றிப் போவது தொழில்நுட்ப அவசியம் அல்ல; அது ஒரு அரசியல் தெரிவு. அத்தகைய நிலையம் அமைந்தால் அது படைமுகாமுக்குள் அல்லாமல் சிவில் நிர்வாகத்தின் கீழ் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

நான்காவது, சட்டம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் அடையாளத் தரவைப் படையினரோ உளவுப்பிரிவோ பார்ப்பதானால் நீதிமன்ற உத்தரவு வேண்டும், பார்த்த பதிவு அழியாமல் இருக்கவேண்டும், வெளிநாட்டு ஒப்பந்ததாரருக்கு அந்தத் தரவு எட்டாது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். தரவைக் கொடுத்த குடிமகன் தன்னைப் பற்றி யார் தேடினார் என்று அறியும் உரிமை வேண்டும்.

ஐந்தாவது, இணக்கம். கருவி நிலையமோ கோபுரமோ மின்நிலையமோ வரும்போது காணி யாருடையது, கடற்தொழிலுக்கு என்ன பாதிப்பு, அதைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் விதிக்கப்படுமா என்பவை தமிழில், முன்கூட்டியே, மக்கள் முன் வைக்கப்படவேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் காணி இழந்தவர்களின் பட்டியல் வடக்கில் ஏற்கனவே நீண்டது. புதிய காரணம் ஒன்று அதில் சேரவேண்டாம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இந்தக் கருவிகளை விற்கும், வடம் போடும், தரவைச் சேமிக்கும் நிறுவனங்கள் பல நீங்கள் வாழும் நாடுகளிலேயே இருக்கின்றன. அவற்றில் பணியாற்றும் தமிழ்ப் பொறியியலாளர்கள் ஏராளம். ஒரு ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பின்னிணைப்பை வாசித்து, அதில் தொலைக்கட்டுப்பாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஊர் மொழியில் எழுதிக்கொடுப்பது நன்கொடைப் பணத்தைவிடப் பெறுமதியான உதவி.

நெடுந்தீவில் இரவு விளக்கு எரிவதற்கு யாருடைய கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டிய நிலை ஏற்கனவே ஒருமுறை வந்துவிட்டது. அடுத்த முறை நிறுத்தப்படுவது ஒரு திட்டமாக இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரமாகவோ இணையமாகவோ இருக்கலாம். மேலுள்ள கேள்விகளுக்கான பதில்கள் கருவிகள் பூட்டப்படுவதற்கு முன்னரே நமது கைக்கு வரவேண்டும்.